நாலாவது தோள்

வாருங்கள். குன்னத்துகாலில் பேருந்தை விட்டு இறங்கி, ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே ஏறிச் செல்லும் செம்மண் பாதையில் நடந்து, மேட்டின் மீது நிற்கும் அந்தப் பழைய மிஷன் ஆலயத்தின் முற்றத்துக்கு வந்து நில்லுங்கள். அங்கே ஓர் அநீதி நடந்தது. அதைக் கண்ட கண்கள் இருநூறு இருந்தும் சாட்சி சொல்ல ஒரு நாவும் இல்லாமற் போயிற்று. ஆகவேதான் உங்களை அழைக்கிறேன். அங்கே யாரும் கை ஓங்கவில்லை. யாரையும் யாரும் கதவுக்கு வெளியே தள்ளவில்லை. ஒருத்தி மெல்லிய குரலில் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணினாள். அந்த எண்ணிக்கையிலேயே ஒரு பெண்ணின் குரல் அறுக்கப்பட்டது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு அந்த ஆலயத்தின் பாடகர் குழுவில் பன்னிரண்டு பெண்கள் இருந்தார்கள். ஆர்மோனியம் வாசித்தவர் ராபின்சன். ஆராதனையின் முதல் பாட்டில் முதல் சரணத்தை ஒரே ஒருத்தி தனித்துப் பாடுவாள். இரண்டாம் சரணத்திலிருந்துதான் மற்றவர்கள் சேர்வார்கள். அதற்கு முதலடி என்று பெயர். இதைச் சிறு காரியம் என்று எண்ணாதீர்கள். ஒரு பெண் வாய் திறக்க, கமிட்டிக்காரர் முதல் தோட்டக்காரர் வரை அத்தனை ஆண்களும் வாய் மூடிக் கேட்கும் நேரம் அந்த ஊரில் வாரத்துக்கு அது ஒன்றுதான்.

முதலடியை யாருக்குக் கொடுப்பது என்பதை அந்நாளில் ராபின்சன் தம் செவியைக் கொண்டு தீர்மானித்தார். அவருடைய செவி மீண்டும் மீண்டும் விஜயம்மாவிடமே சென்றது. விஜயம்மா அண்டி ஆபீசில் வேலை செய்தாள். முந்திரிக்கொட்டையை உடைத்துப் பருப்பெடுக்கும் இடத்தை அப்பகுதியில் அப்படித்தான் சொல்வார்கள். கொட்டையின் எண்ணெய் பட்டு அவள் விரல்நுனிகள் கறுத்திருந்தன. வெள்ளறடை ஸ்டாண்டில் ஆட்டோ ஓட்டும் சுந்தரதாஸ் அவள் கணவன். படிப்பு அதிகமில்லை, பாட்டுக்கு யாரும் அவளைப் பழக்கவுமில்லை. அவள் பாடத் தொடங்கினால் பின்வரிசையில் அழுகிற குழந்தையும் அழுகையை நிறுத்திக் கேட்கும்.

ராபின்சனின் மனைவி தங்கபாய் ஆரம்பப் பள்ளி ஆசிரியை. ஐந்தாம் வகுப்புக்குக் கணக்கு அவள் பாடம். காரணிகள், மடங்குகள், பகா எண்கள் ஆகியவற்றை விரல்நுனியில் வைத்திருந்தாள். பாடவும் நன்றாகவே பாடுவாள். எந்த இடத்திலும் பிசகமாட்டாள். ஒரு நாள் காலையில் மரச்சீனிக் கிழங்கும் மீன்குழம்பும் சாப்பிட்டுக்கொண்டிருந்த ராபின்சன், எந்த உள்நோக்கமும் இல்லாமல் சொன்னார்:

"எடி தங்கம், அந்த விஜயம்மா பாடும்ப எனக்கு ஆர்மோனியத்த நிறுத்திப்போட்டு சும்மா இருந்து கேக்கணும்னாக்கும் தோணுது."

தங்கபாய் குழம்புச் சட்டியை இறக்கி வைத்தாள்.

"நான் பாடும்பமோ?"

"உனக்கென்ன. சுருதி சரியா உண்டு."

மணமாகிப் பதினாறு ஆண்டுகளில் அவள் பாட்டுக்கு அவர் கொடுத்த பாராட்டு அது ஒன்றே. சுருதி சரியாக இருக்கிறது. தறியில் நூல் அறாமல் இருக்கிறது என்று சொல்வதுபோல. அன்றுமுதல் அந்த இரண்டு வாக்கியங்களும் அவள் நெஞ்சில் அருகருகே கிடந்தன. கரும்பலகையில் கணக்கெழுதும்போதும் கிடந்தன. துணி அலசும்போதும் கிடந்தன. ஆலயத்தில் விஜயம்மா முதலடி பாடும்போது தங்கபாய் பாட்டைக் கேட்கவில்லை. ஆர்மோனியத்தின் மேல் கணவனின் கைகளைப் பார்த்தாள். பாட்டுக்கு வழிவிட்டு அவை மெலிவதையும், துருத்தியின் மூச்சு குறைவதையும் பார்த்தாள். தனக்கு வாசிக்கும்போது ஒருபோதும் மெலியாத கைகள் அவை.

பொறாமை மூடத்தனமானது என்று யார் உங்களுக்குச் சொன்னார்கள்? பொறாமை நன்றாகப் படித்திருந்தது. அது கணக்கு அறிந்திருந்தது.

அடுத்த பெண்கள் ஐக்கியக் கூட்டத்தில் தங்கபாய் எழுந்து பேசினாள்.

"ஆளு பாத்து முதலடி குடுக்கதுனாலதான் மனஸ்தாபம் வருது. எனக்க மாப்பிள தீர்மானிக்கதும் வேண்டாம், எனக்குப் பேரு வாறதும் வேண்டாம். நாம வட்டமா நிப்போம். போன ஆழ்ச்ச பாடினவளுக்க அடுத்தவளில இருந்து ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. நாலாவது ஆளுக்கு அடுத்த முதலடி. பணக்காரியும் இல்ல, பாவப்பட்டவளும் இல்ல. எல்லாருக்கும் ஒரே முறை."

கூட்டத்துக்கு வந்திருந்த ஆலயக் கமிட்டிச் செயலர் எலியா கேட்டார். "நாலு எதுக்கு டீச்சரே?"

"சிலுவைக்கு எத்தன முனை உண்டு?"

பன்னிரண்டு, சீடர்களான அப்போஸ்தலரின் எண்ணிக்கை. நாலு சிலுவையின் முனை. இதைவிடப் புனிதமான ஏற்பாடு வேறென்ன வேண்டும்? கை தட்டினார்கள். விஜயம்மாவும் தட்டினாள். மற்றவர்களுக்கும் கிடைக்கட்டும் என்று அவள் மனதார நினைத்தாள்.

சனிக்கிழமை மாலைகளில் ஆலயத்துக்குப் பின்னாலிருந்த ஞாயிறு பள்ளி அறையில் ஒத்திகை நடக்கும். அந்தப் பெண்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. குழுவில் சேர்ந்த நாளில் எந்த இடத்தில் நின்றாளோ அந்த இடத்தில்தான் ஒருத்தி என்றும் நிற்பாள். மாறி நின்றால் குரல் ஒட்டாது என்பது அவர்கள் நம்பிக்கை. தங்கபாயின் இடக்கைப் பக்கம் விஜயம்மா. எண்ணிக்கை இடப்பக்கமாகவே செல்லும். எண்ணுகிறவள் தங்கபாய்.

முதல் வாரத்தை அவளே தொடங்கினாள். அவளிடமிருந்து நான்கு எண்ணக் கமலாபாய்க்கு வந்தது. கமலாபாயிடமிருந்து நான்கு எண்ண லில்லிபாய்க்கு வந்தது. லில்லிபாயிடமிருந்து நான்கு எண்ண மீண்டும் தங்கபாய்க்கு வந்தது. பிறகு கமலாபாய். பிறகு லில்லிபாய். பிறகு தங்கபாய்.

பன்னிரண்டுக்குள் நான்கு மூன்று முறை சரியாக அடங்கும். ஆகையால் அந்த நடை மூன்று இடங்களில் கால் வைத்ததும் புறப்பட்ட இடத்துக்கே திரும்பிவிடும். ஆயிரம் ஞாயிறு எண்ணினாலும் மூன்று தோள்கள்தாம். மற்ற ஒன்பது தோள்களும் வெறும் வழிப்பாதை. ஐந்தாம் வகுப்புக் குழந்தைக்கு அவள் கற்பித்த பாடம் அது. பன்னிரண்டு பேரில் ஒருத்தியைத் தவிர வேறெவரும் அந்தப் பாடத்தை ஞாயிறு பள்ளி அறைக்குள் கொண்டுவரவில்லை.

மூன்று வாரங்களுக்கு ஒருமுறை, தங்கபாய் பாடி முடித்த வாரத்தின் சனிக்கிழமையில், எண்ணிக்கை விஜயம்மாவின் தோளிலிருந்து தொடங்கும். "ஒண்ணு" என்று தங்கபாயின் கை அவள் தோளைத் தொடும். தொட்டுக் கடந்துபோகும்.

ஓராண்டு போயிற்று. விளைச்சலை ஆலயத்துக்குப் படைக்கும் அறுப்பின் பண்டிகையும் ஒன்று போயிற்று. மக்கள் அநீதியைக் காணவில்லை, அற்புதத்தைக் கண்டார்கள். எண்ணிக்கை எப்படிப் போனாலும் அந்த மூவரிடமே வருகிறதே, இது ஆண்டவரின் தெரிந்தெடுப்பு அல்லாமல் வேறென்ன என்றார்கள். போதகரே ஒரு முறை பிரசங்கத்தில் சீடர் பன்னிரண்டு பேரிலும் மூவர் மட்டும் மலைமேல் அழைத்துச் செல்லப்பட்டதை நினைவூட்டினார். லில்லிபாய் தலைமுக்காட்டைச் சரிசெய்துகொண்டாள். அவள் ஒப்பந்தக்காரரின் மனைவி. தெரிந்தெடுக்கப்படுவது அவளுக்குப் பொருத்தமாகவே இருந்தது.

விஜயம்மா வீட்டில் சுந்தரதாஸ் கேலி செய்வான்.

"எனக்க ஆட்டோவில மீட்டராவது எப்பவாவது ஓடும். உனக்க முறை ஓடாது போல இருக்கே."

"வரும். எண்ணிக்கைக்கு ஆளு தெரியுமா?"

"உன்னை நல்லா தெரியும்போல. கிட்ட வந்து தொட்டிட்டுல்லா போவுது."

அவள் சிரிப்பாள். ஆனால் மெல்ல மெல்ல அவள் குரல் இரண்டாம் சரணத்திலும் தாழ்ந்தது. எண்ணிக்கை வேண்டாம் என்று ஒதுக்கிய ஒருத்தி உரக்கப் பாடுவது துணிச்சல் என்று நினைத்துவிட்டாள். பெருமக்களே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். தன்னை ஒதுக்கியது ஒரு மனுஷியின் கை என்று அவள் அறிந்திருந்தால் சண்டையாவது போட்டிருப்பாள். ஒதுக்கியது எண் என்று நம்பியதால் தன்னையே குற்றவாளியாக்கிக்கொண்டாள்.

மறு ஆண்டு அறுப்பின் பண்டிகைக்கு இன்னும் சில வாரங்கள் இருக்கையில், குழுவிலிருந்த ஷாலுவுக்குச் சவுதியில் நர்ஸ் வேலை கிடைத்தது. கமலாபாய்க்கும் லில்லிபாய்க்கும் இடையே நின்றவள் அவள். அவள் விமானம் ஏறினாள். வட்டத்தில் பதினொரு பேர் மிஞ்சினார்கள்.

தங்கபாய் அன்று அதைக் கவனிக்கவில்லை. அந்தச் சனிக்கிழமை முறை வழக்கம்போல் அவளிடமிருந்து கமலாபாய்க்குச் சென்றது. அதற்கடுத்த சனிக்கிழமை கமலாபாயிடமிருந்து எண்ணிக்கொண்டு போனாள். லில்லிபாயின் தோளில் கை வைத்தபோது வாயில் வந்தது "மூணு".

லில்லிபாய் முன்னால் எடுத்து வைத்த காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். தங்கபாயின் கை காற்றில் நின்றது. நிறுத்த வழியில்லை, பத்துப் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அடுத்த தோள் சாறாளுடையது. "நாலு."

"எனக்கா?" என்றாள் சாறாள். "எம்மோ, எனக்குப் பாட்டே மறந்துபோச்சு டீச்சரே."

எல்லோரும் சிரித்தார்கள். தங்கபாய் சிரிக்கவில்லை. அவள் உள்ளுக்குள் எண்ணிக்கொண்டிருந்தாள். சாறாளுக்கு அடுத்தவள் ஒன்று. அதற்கடுத்தவள் இரண்டு. தான் மூன்று. நான்கு...

பதினொன்று பகா எண். ஒன்றும் தானும் தவிர அதைச் சரிபாதியாகவோ சரிபங்காகவோ வகுக்க எந்த எண்ணாலும் இயலாது. அந்த வட்டத்துக்குள் நாலடி வைத்து நடந்தாலும் மூவடி வைத்து நடந்தாலும், எல்லாத் தோள்களையும் தொடாமல் புறப்பட்ட இடத்துக்குத் திரும்ப வழி கிடையாது. ஓராண்டாக அவள் கட்டி வைத்த வேலி, ஒரு நர்ஸ் வேலைக்குப் போனதால் இடிந்து விழுந்தது. அதுவும் எந்த வாரத்தில்? சாறாளுக்கு அடுத்த ஞாயிறுதான் அறுப்பின் பண்டிகை.

வீட்டுக்கு வந்ததும் ராபின்சன் விரல்களை மடக்கி எண்ணினார். அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது.

"அப்போ பண்டிகைக்கு விஜயம்மா ஆக்கும்."

"நீங்க எப்போ கணக்கு படிச்சிய?"

"சும்மா எண்ணிப் பாத்தேன் தங்கம்."

சும்மா. ஓராண்டில் தன் முறைக்காக ஒரு நாளாவது அவர் விரல் மடக்கினாரா? அந்த வாரம் முழுவதும் அவர் ஆர்மோனியத்தைத் துடைத்தார். துருத்தியின் கிழிசலுக்குத் தோல் ஒட்டினார். சிக்கிக்கொள்ளும் ஒரு கட்டையைக் கழற்றிச் சீவினார். தங்கபாய் ஒவ்வொன்றையும் பார்த்தாள். ஆயிரம் வசவு ஏற்படுத்தாத காயத்தை அந்தத் துடைக்கும் துணி ஏற்படுத்தியது.

புதன்கிழமை அவள் தம்பி சஜனின் வீட்டுக்குப் போனாள். சஜனுக்கு மணமாகி மூன்று மாதம்கூட ஆகவில்லை. அவன் மனைவி சிநேகலதா.

"மக்கா, சனியாழ்ச்ச நீ பாட வரணும்."

"மைனி, எனக்குப் பாட்டே வராது. நான் பாடினா எங்க வீட்டுக் கோழி ஓடும்."

"வாய அசச்சா போதும். பதினொண்ணு நல்ல எண்ணிக்கையில்ல. காட்டிக்கொடுத்தவன் போனபெறவு அப்போஸ்தலருக்குள்ள எண்ணிக்கையாக்கும் அது. அப்பமும் அவரெல்லாம் சீட்டுப் போட்டு பன்னிரண்டு ஆக்கினாவ இல்லியா?"

காட்டிக்கொடுக்காமல் நின்றவர்களின் எண்ணிக்கையும் அதே பதினொன்றுதான் என்று சொல்ல அந்த இளம்பெண்ணுக்குத் தோன்றவில்லை. நாத்தனாருக்கு எதிர்வார்த்தை சொல்லும் பழக்கமும் அவளுக்கு இன்னும் வரவில்லை.

சனிக்கிழமை வந்தது. விஜயம்மா அன்று அண்டி ஆபீசிலிருந்து முன்னதாகவே புறப்பட்டு, விரல்நுனிகளைச் சாம்பல் போட்டுத் தேய்த்து, தலை சீவி வந்திருந்தாள். பண்டிகைப் பாட்டை அவள் நடந்துகொண்டே பாடிப் பார்த்ததை வழியில் ரப்பர் பால் எடுத்துக்கொண்டிருந்தவர்கள் கேட்டிருக்கிறார்கள். சிநேகலதா ஷாலுவின் வெற்றிடத்தில் நிற்கப் போனாள்.

"அங்க வேண்டாம்," என்றாள் தங்கபாய். "புதுசுல்லா. எனக்க பக்கத்தில நில்லு." தன் வலக்கைப் பக்கம் நிறுத்திக்கொண்டாள்.

பிறகு எண்ணினாள். சாறாளுக்கு அடுத்தவள் ஒன்று. அதற்கடுத்தவள் இரண்டு. சிநேகலதா மூன்று. நான்காவது தோள் தன்னுடையது. தன் தோளைத் தானே தொட்டுக்கொண்டாள். விஜயம்மா கைகளை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

வஞ்சம் அதோடு முடிந்திருந்தால் ஒருவேளை எவரும் அறிந்திருக்கமாட்டார்கள். ஆனால் அந்த வட்டத்தில் இன்னொரு பொறாமை விழித்துக்கொண்டது. லில்லிபாய்க்குத் தன் முறை எங்கே போயிற்று என்று தெரியவேண்டியிருந்தது. மீண்டும் பன்னிரண்டு ஆயிற்றே, மீண்டும் தனக்கல்லவா வரவேண்டும்? ஞாயிறு காலை, ஆராதனைக்கு முன், விளைச்சலைக் கொண்டுவந்து முற்றத்தில் குவித்துக்கொண்டிருந்தார்கள். வாழைக்குலை, மரச்சீனி, சேனை, கட்டிப்போட்ட சேவல்கள், தேங்காய்க் குவியல். ஆராதனை முடிந்ததும் எல்லாம் ஏலம் போகும். லில்லிபாய் பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தரையில் குந்தி, தேங்காய்களை எடுத்து வட்டமாக வைத்தாள்.

"எடி லில்லி," என்றார் எலியா, "அது லேலத்துக்குள்ள தேங்கா. தொடாத."

"நான் தின்ன எடுக்கல்ல. பன்னிரண்டு பேரு இதாக்கும். இது தங்கம் டீச்சரு. சாறாளே, அந்தச் செம்பருத்திப் பூவ இங்க கொண்டா."

தங்கபாயின் தேங்காய் மீது ஒரு பூ வைத்தாள். நான்கு எண்ணி ஒரு பூ. மேலும் நான்கு எண்ணி ஒரு பூ. மேலும் நான்கு எண்ணியபோது கை முதல் பூவின்மேல் போய் நின்றது. மறுபடி சுற்றினாள். மறுபடியும் அதே மூன்று. சுற்றிலும் கூட்டம் கூடியது.

"பாத்தியளா? ஒம்பது தேங்காக்கு ஒரு காலத்திலயும் பூ கிடையாது. முன்ன எனக்குப் பூ உண்டு. இப்போ அந்தப் புதுப்பெண்ண அங்ஙன கொண்டு நிறுத்தினதில எனக்க பூ சாறாளுக்குப் போச்சு."

"எனக்கு வேண்டாம்," என்றாள் சாறாள் அவசரமாக.

கமலாபாய்க்குப் பூ பத்திரமாக இருந்தது. ஆகவே அவள் சொன்னாள்: "எண்ணிக்கைதானே லில்லி. அதில ஆருக்குக் குத்தம்?"

லில்லிபாய் ஒரு தேங்காயை எடுத்துக் குவியலில் எறிந்தாள். மிஞ்சிய பதினொன்றில் எண்ணினாள். பூ ஒவ்வொரு தேங்காயாக ஏறிக்கொண்டே போனது. செடியில் பூத் தீர்ந்து, கடைசித் தேங்காய்க்கு ஓர் இலையை வைத்தாள். கட்டிப்போட்ட சேவல் ஒன்று கூவியது.

தங்கபாய் படியிறங்கி வந்தாள்.

"லில்லி, ஒரு வருசமா உனக்குக் கிடைச்சப்போ இது ஆண்டவருக்க தீர்மானம். இண்ணைக்குக் கிடைக்காதப்போ கள்ளக்கணக்கோ?"

அந்தக் கேள்வி நியாயமானது என்பதை நாம் ஒப்புக்கொள்ளவேண்டும். போதகர் இருவருக்கும் நடுவே வந்தார். பண்டிகை நாளில் தர்க்கம் வேண்டாம், கமிட்டியில் வைத்துப் பேசிக்கொள்ளலாம் என்றார். எலியா தேங்காய்களைப் பொறுக்கத் தொடங்கினார்.

அப்போது விஜயம்மா முன்னால் வந்தாள். அவள் கண்கள் தேங்காய்களின்மேல் இல்லை.

"டீச்சரே, எனக்கு இந்தக் கணக்கு தெரியாது. நீங்க ஒண்ணுண்ணு எனக்க தோளில தொடும்ப நான் நினைப்பேன், எண்ணிக்கை எனக்ககிட்ட இருந்தாக்கும் தொடங்குது, அது போதும்னு. ஒரே ஒரு காரியம் கேக்கேன். இது இப்பிடித்தான் வரும்னு உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

தெரியாது என்ற ஒரு சொல் போதுமாயிருந்தது. போதகர் அதை எதிர்பார்த்தார். ஆர்மோனியத்தைச் சுமந்தபடி வாசலில் நின்ற ராபின்சன் அதை வேண்டினார். ஆனால் ஊரார் முன்னிலையில், பன்னிரண்டின் காரணிகள் தெரியாத கணக்கு ஆசிரியை என்று நிற்பதா? தங்கபாய் விஜயம்மாவின் தேய்த்தும் போகாத கறுத்த விரல்களைப் பார்த்தாள்.

"தெரியும்," என்றாள்.

விஜயம்மா தலையசைத்தாள்.

"அப்போ இனி ஒண்ணுண்ணு எண்ண வேற தோளப் பாத்துக்கிடுங்க."

கொண்டுவந்த வாழைக்குலையை அவள் திரும்ப எடுக்கவில்லை. அது ஆண்டவருக்கு என்று வைத்தது. நேராக வெளிவாசலுக்கு நடந்தாள். சுந்தரதாஸ் ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"என்னடி, பாட்டு இல்லியா?"

"இல்ல. வண்டிய எடுங்க."

அன்று தங்கபாய்தான் முதலடி பாடினாள். சுருதி சரியாக இருந்தது. ராபின்சனின் கைகள் ஒருமுறையும் மெலியவில்லை. ஒட்டிய துருத்தியிலிருந்து காற்றும் கசியவில்லை. இரண்டாம் சரணத்தில் மற்றவர்கள் சேர்ந்தார்கள். தன் இடக்கைப் பக்கத்து வெற்றிடத்திலிருந்து வராத குரலைத் தங்கபாய் ஒவ்வொரு வரியிலும் கேட்டாள். கணவனும் அதையே கேட்டுக்கொண்டிருக்கிறார் என்பது அவர் குனிந்த தலையில் தெரிந்தது. விரட்டியபின்பும் விஜயம்மாவே பாடிக்கொண்டிருந்தாள்.

இனி வருவதைக் கவனமாகக் கேளுங்கள். உங்களை அழைத்தது இதற்காகத்தான். விஜயம்மா வெளியேறியபின் வட்டத்தில் எத்தனை பேர்? பதினொரு பேர். அந்தப் பகா எண் மீண்டும் வந்து நின்றது. அடுத்த சனிக்கிழமை முதல் முறை ஒவ்வொரு தோளுக்கும் சென்றது. ஓராண்டாகத் தொடப்படாத பெண்கள் ஒருவர்பின் ஒருவராக முதலடி பாடினார்கள். லில்லிபாய்க்கும் வந்தது, வந்ததும் அவள் தேங்காய்களை மறந்துபோனாள். கோழியை ஓட்டும் குரலுடைய சிநேகலதாவுக்கும் வந்தது, பாடினாள், சபை அன்போடு சிரித்தது. கமிட்டி கூடியது. முறையில் குறையேதும் இல்லை, எல்லாருக்கும் கிடைக்கிறது என்று தீர்மானம் செய்து தேநீர் குடித்துக் கலைந்தது.

ஆம், எல்லாருக்கும் கிடைத்தது. நியாயம் கேட்டு வெளியேறிய ஒருத்தியின் காலியிடத்தின் மேல் நின்றுகொண்டு எல்லாரும் நியாயம் பெற்றார்கள். அவள் திரும்பி வந்தால் வட்டம் பன்னிரண்டாகும். பன்னிரண்டானால் ஒன்பது பேருக்கு முறை போய்விடும். ஆகவே அவள் திரும்பி வரவேண்டும் என்று வாய் திறந்து சொல்ல இன்று ஒருத்தியும் இல்லை. அன்று ஒருத்தியின் பொறாமையாக இருந்தது, இன்று பதினொரு பேரின் வசதியாக மாறிவிட்டது.

அவள் வந்தால் முறை போய்விடும் என்பது பொய். பன்னிரண்டு குற்றமற்ற எண். குற்றம் அதனோடு கூட்டுச்சேர்ந்த நாலில் இருக்கிறது. ஐந்துக்கும் பன்னிரண்டுக்கும் ஒன்றைத் தவிரப் பொதுக்காரணி கிடையாது. பன்னிரண்டு பேரை நிறுத்தி ஐந்து ஐந்தாக எண்ணுங்கள். ஒரு தோளும் தப்பாது. சிலுவைக்கு முனை நாலு என்றவளிடம், அதில் அறையப்பட்டவரின் காயம் ஐந்து என்று சொல்லுங்கள்.

ஆகவே போங்கள். இந்த ஞாயிறு முதல் மணி அடிப்பதற்கு முன் அந்தச் செம்மண் பாதையில் இறங்கி விஜயம்மாவின் வாசலுக்குப் போங்கள். உன் இடம் காலியாக இருக்கிறது, நாலை எடுத்துவிட்டோம், வா என்று சொல்லுங்கள். அவள் வரும்வரை எவள் தோளிலும் கை வைத்து எண்ண விடாதீர்கள். உங்கள் சொந்த ஊரிலும், இது எல்லாருக்கும் ஒரே முறை என்று யாராவது எழுந்து சொன்னால் கை தட்டிவிட்டு வீடு திரும்பாதீர்கள். அங்கேயே, அந்த முற்றத்திலேயே குந்தி, ஆளுக்கொரு தேங்காய் வைத்து எண்ணுங்கள். பூ விழாத தேங்காய் யாருடையது என்று பாருங்கள். அந்தப் பெயரைச் சபை நடுவே உரக்கச் சொல்லுங்கள்.